பாதையை நிப்பாட்டி வெட்டின விரல்

எங்கட பக்கத்தில பாதை எண்டால் ரோட்டு இல்லை. ரோட்டு ரோட்டுத்தான். பாதை எண்டால் தண்ணியில மிதக்கிற சாமான். பெரிய வள்ளங்களுக்கு மேல பலகை அடிச்சு, கம்பியைப் பிடிச்சு இழுத்து, ஆக்களையும் ஆடுமாடையும் லொறியையும் அக்கரை சேர்க்கிறது. கிண்ணியாவில இருந்து திருகோணமலை ரவுணுக்குப் போறதெண்டால் பாதை ஏறித்தான் போகவேணும். இதை ஏன் முதல்லயே சொல்லுறன் எண்டால், யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ஒரு படிச்ச டொக்டருக்கு இந்த ஒரு சொல்லு தெரியாமப் போனதால என்ட பொஞ்சாதியின் சொந்தக்காரர் அத்தனை பேரும் ஒரு நாள் ஆசுபத்திரியில வந்து குவிஞ்சாங்கள். நான் எழுதிப் பழகினவன் இல்லை, ஏசிப் பழகினவன். அங்கங்க ஏச்சு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

அது சீனியைக் கூப்பனுக்கு அளந்து குடுத்த காலம். உள்ளங்கையில கொஞ்சம் சீனியை வெச்சு நக்கி நக்கித்தான் தேத்தண்ணி குடிச்சம். நாட்டில ஒருத்தருக்கும் சீனி இல்லாத நேரம் பார்த்து எனக்கு மூத்திரத்தில சீனி போனது. சீனி வருத்தமாம். நான் வெளியில மூச்சு விடேல்ல. சொன்னால், எங்கேயோ கள்ளமா வாங்கித் திண்டிருக்கிறான் எண்டு ஊர் கதைக்கும். எங்கட ஊர்க் கதை எனக்குத் தெரியும்.

நான் லொறி ஓட்டுறவன். பிறந்தது தோப்பூர், கலியாணம் முடிச்சது கிண்ணியாவுக்குப் பக்கத்தில குறிஞ்சாக்கேணியில. எங்கட ஆக்களில மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போய் இருக்கிறது. அதால நான் இருந்த வீடு அவளின் சீதன வீடு. ஓட்டின லொறி அவளின் மூத்த காக்காவின் லொறி, காக்கா எண்டால் எங்களுக்கு அண்ணன். வளவில நிண்ட தென்னை அவளின் உம்மா வெச்சது. என்டது எண்டு நெஞ்சைத் தட்டிச் சொல்லுறதுக்கு என்னட்ட இருந்தது பிறேக் மிதிக்கிற இந்த வலது கால் மட்டுந்தான். அந்தக் காலுக்குத்தான் பலாய் வந்தது.

லொறியின் அடித்தகரம் துருப்பிடிச்சு, அக்சிலேற்றருக்குப் பக்கத்தில ஓட்டை விழுந்து, எஞ்சின் சூடு நேர மேல வரும். "மச்சான், இந்தத் தகரத்தை ஒருக்கா ஒட்டித் தாங்க" எண்டு அந்தக் காக்காவிட்ட எத்தினை தரம் கேட்டிருப்பன். "பார்ப்பம் மச்சான், பார்ப்பம்" எண்டே காலத்தைக் கடத்தினார். நான் செருப்புப் போட்டு ஓட்டுறவன் இல்லை, வெறுங்கால்தான். ஒரு நாள் மணல் ஏத்திக்கொண்டு வந்து வீட்டில இறங்கினன். முற்றத்தில கால் கழுவத் தண்ணி ஊத்தின பொஞ்சாதி அப்பிடியே நிண்டுபோனாள். பெருவிரல் வெந்து தோல் உரிஞ்சு கிடக்குது. எனக்கு ஒண்டும் தெரியேல்ல. நோவே இல்லை. சீனி வருத்தம் காலை உள்ளுக்குள்ளயே மரக்கப் பண்ணிப்போடுமாம், அது பிறகுதான் தெரியும். நோகாத புண்ணுக்கு என்ன மருந்து எண்டு நான் சும்மா விட்டன். அவள் இலை அரைச்சுக் கட்டினாள். விரல் கறுத்தது.

ரவுண் ஆசுபத்திரியில பெரிய டொக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள் சிங்களவர், நல்ல உயரம், கதை குறைவு. தெரிஞ்ச தமிழில, "விரல் எடுக்க வேணும். மேலே ஏறினால் கால் எடுக்க வேணும்" எண்டார். அவ்வளவுதான் கதை. நான் மேல பார்த்துக்கொண்டு படுத்திருந்தன். விரல் போனால் பரவாயில்லை, பிறேக்குக்கு விரல் தேவையில்லை. கால் போனால் லொறி போச்சு. லொறி போனால், பொஞ்சாதி வீட்டு மூலையில குந்தியிருந்து அவள் போடுற சோத்தைத் திண்டுகொண்டு கிடக்கிற மாப்பிள்ளை. அதுக்கு மௌத்தாப் போகலாம், செத்துத் துலையலாம் எண்டு அந்தக் கட்டில்ல கிடந்து நினைச்சன். மெய்யாத்தான் நினைச்சன்.

அதுக்குப் பிறகு வந்தவர்தான் மயக்க மருந்து டொக்டர். யாழ்ப்பாணத்துப் பொடியன், புதுசா வந்தவர், கண்ணாடி போட்டவர். என்னைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். சீனி வருத்தக்காரன் ஒருத்தன் வெட்டுக்கு வந்திருக்கிறான் எண்டதில ஒரு ஆளுக்கு அவ்வளவு சந்தோஷம் வரலாம் எண்டு எனக்கு முந்தித் தெரியாது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு ரெண்டு விதமாச் செய்யலாம். ஒண்டு, ஈதர் பிடிச்சு நித்திரையாக்கிறது. மற்றது, முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ விறைக்கப் பண்ணுறது. நான் முதுகில போடப்போறன்."

"நித்திரையாக்கிப் போடுங்க டொக்டர். எனக்குப் பார்க்க ஏலாது."

"அங்கதான் அண்ணை விசயம் இருக்கு. நீங்கள் நித்திரை கொண்டாலும் உங்கட உடம்பு நித்திரை கொள்ளாது. காலில கத்தி பட்ட உடன அந்தச் செய்தி முதுகெலும்புக்குள்ளால மூளைக்குப் போகும். ஆரோ என்னைக் கொல்ல வாறான் எண்டு மூளை நினைக்கும். நினைச்சு உத்தரவு போடும். நெஞ்சு வேகமா அடிக்கும். பிறஷர் ஏறும். ஈரல் சேர்த்து வெச்சிருக்கிற சீனி முழுக்க அவிட்டு விடும், ஓடித் தப்பு எண்டு. நீங்கள் ஓடவும் மாட்டீங்கள், அடிபடவும் மாட்டீங்கள், கட்டில்ல கிடப்பீங்கள். அந்தச் சீனி என்ன செய்யும்? புண்ணை ஆறவிடாது. புண் ஆறாட்டி கால்."

நான் யோசிச்சன். "என்ட கால்தானே ஏற்கெனவே மரத்துப்போய்க் கிடக்குது. விரல் வெந்ததே எனக்குத் தெரியாது. பிறகு என்ன செய்தி போகப்போகுது?"

அவர் சிரிச்சார். "தோல்தான் ஊமை. எலும்பு ஊமை இல்லை. உள்ளுக்கு வெட்டேக்க அது கத்தும். உங்களுக்குக் கேட்காட்டிலும் உங்கட ஈரலுக்குக் கேட்கும்."

என்ட வீட்டில எனக்குத் தெரியாமல் எல்லாம் நடக்குது எண்டு தெரியும். என்ட உடம்புக்குள்ளயும் அப்பிடித்தான் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. சரி, எப்பிடியாவது காலைக் காப்பாத்தித் தாங்க எண்டன். அப்ப அவர் எழும்பி நிண்டுகொண்டு, பள்ளிக்கூட வாத்தி மாதிரி விரலை நீட்டிச் சொன்னார்: "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். நாளைக்குக் காலமை முதல் வேலையா பாதையை முழுக்க நிப்பாட்டிப் போட்டுத்தான் பெரியவர் கத்தியைத் தொடுவார். ஒரு செய்தியும் போகாது, ஒரு செய்தியும் வராது."

எனக்கு விளங்கினது. நரம்பைச் சொல்லுறார். இன்னும் சொன்னால் நல்லா விளங்கினது, பாதையில லொறியை ஏத்திக்கொண்டு எத்தினை நாள் வெயிலில காத்துக் கிடந்தவன் நான். ஆனால் அந்த நேரம் பார்த்து, வெளிக் கடையில தேத்தண்ணி வாங்கப் போன பொஞ்சாதி கோப்பையோட உள்ளுக்கு வந்தாள். அவளுக்குக் கேட்டது கடைசி வசனம் மட்டும். கோப்பையை வெச்சிட்டு, முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு வெளியில போனாள். ஊருக்குப் போற ஆரோ ஒரு ஆளைப் பிடிச்சுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: 'நாளைக்குப் பாதையை நிப்பாட்டிப் போட்டுத்தான் இவரை வெட்டப்போறாங்க. வாறவங்க இண்டைக்கே வந்திருங்க.'

கொழும்பில இருந்து மந்திரி வந்தாலும் நிப்பாட்டாத பாதையை ஒரு லொறி றைவருக்காக நிப்பாட்டுறாங்களெண்டால் அது எப்பிடிப்பட்ட ஒப்பரேசனாக இருக்க வேணும்? ஊர் அப்பிடித்தான் கணக்குப் போட்டது. ஆள் தப்பமாட்டான், மௌத்தான பிறகு மையத்தை ஊருக்கு எடுத்துக்கொண்டு போகவும் பாதை இருக்காது, எல்லாரும் போய்க் கடைசியா ஒருக்கா முகத்தைப் பார்த்திட்டு வருவம். பின்னேரம் ஆசுபத்திரி வாசலில ஒரு லொறி வந்து நிண்டது. சத்தத்திலயே எனக்குத் தெரியும், அது நான் ஓட்டுற லொறி. மச்சான்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், கியர் மாத்தத் தெரியாமல் வழி நெடுகக் கதற வெச்சிருப்பார். பின்னால தட்டு நிறையக் குறிஞ்சாக்கேணி.

எங்கட ஆக்களில ஒரு வழக்கம் இருக்கு. மௌத்தாகப் போற ஆளிட்டப் போய், செஞ்ச பிழைகளைச் சொல்லி மாப்புக் கேட்கிறது. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லேல்ல. ஆனால் நாளைக்குக் கால்விரல் வெட்டப் போற ஒருத்தன்ட கட்டிலைச் சுத்தி வரிசையா நிண்டு மாப்புக் கேட்டால் அவனுக்கு எப்பிடி இருக்கும்? ஒருத்தர் வந்து, என்னைக் குடிகாரன் எண்டு பள்ளிவாசலில கதை கட்டினது தான்தானாம், மாப்பு. இன்னொருத்தி, என்ட வளவு வாழைக்குலையை வெட்டினது குரங்கில்லை, தன்ட மவனாம், மாப்பு. நான் எல்லாருக்கும் "சரி, சரி, மாப்பு" எண்டுகொண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். கடைசியா மச்சான் வந்தார். கண் கலங்கிப் போயிருந்தார். என்ட கையைப் பிடிச்சார்.

"மச்சான், உங்களுக்குத் தெரியாம லொறிக்கு வேற றைவர் ஒருத்தனைப் பேசி வெச்சிட்டன். அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கன். மனசில வெச்சிராதீங்க. மாப்பு."

அந்தத் தகரத்தை ஒட்டித் தராதவர். அதுக்கு மாப்புக் கேட்கேல்ல. அது பிழை எண்டே அவருக்குத் தெரியாது. "நான் இன்னும் மௌத்தாகேல்ல மச்சான்" எண்டன். அவர் விம்மி அழத் தொடங்கினார், நான் உசிரோட இருக்கிறதுதான் அவருக்குத் தாங்க ஏலாத விசயம் போல.

அந்த நேரம் மயக்க டொக்டர் வந்தார். ஒரு பக்கம் யாசின் ஓதுறாங்க, ஒரு பக்கம் பொம்பிளையள் அழுறாங்க, நோயாளி பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறான். டொக்டருக்குத் தலை சுத்தினது. "இதென்ன இது, ஆர் இவ்வளவு பேரையும் விட்டது? நாளைக்கு வந்து பார்க்கலாந்தானே."

"நாளைக்கு எப்பிடி வாற? பாதையை நிப்பாட்டப் போறீங்களாமே" எண்டார் மச்சான்.

"எந்தப் பாதை?"

"எந்தப் பாதையா? எங்கட பாதை."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தன். விளங்கப்படுத்தினன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு எல்லாரையும் வெளியில அனுப்பிப் போட்டு, அவரே என்ட மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில விட்டு, நீல மருந்து கலந்து, ஸ்பிரிட் விளக்கில காய்ச்சினார். நீலம் நீலமாகவே நிண்டால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் எண்டு ஏறிப் போய்ச் செங்கல் நிறம் வந்தால் சீனி உச்சத்தில, ஆள் முடிஞ்சான். காலமை நீலமா இருந்தது, இப்ப பச்சை. "பாருங்கோ அண்ணை, இன்னும் ஒருத்தரும் உங்களை வெட்டேல்ல. வெறும் கதையிலயே இவ்வளவு. உடம்புக்குக் கத்தியும் ஒண்டுதான், கதையும் ஒண்டுதான்" எண்டார். பிறகு வாசலில நிண்ட சனத்தைப் பார்த்து உறுதியாச் சொன்னார்: "இனி இவருக்கு ஒருத்தரும் ஒரு செய்தியும் சொல்லக்கூடாது. நல்லதோ கெட்டதோ, ஒண்டும் போகக்கூடாது." எல்லாரும் தலையாட்டினாங்கள். எங்கட ஆக்கள் இப்பிடித் தலையாட்டினால் செய்வாங்க. சனம் அண்டைக்கு ஊருக்குத் திரும்பேல்ல. பாதை நிக்காது எண்டு டொக்டர் சத்தியம் பண்ணியும் ஒருத்தரும் நம்பேல்ல, ரவுணுப் பக்கம் பாலையூற்றில தெரிஞ்ச ஒரு வீட்டில போய்த் தங்கினாங்கள். அடுத்த நாள் குறிஞ்சாக்கேணியில இருந்து ஏறுறதுக்கு ஆள் இல்லாமல் பாதை உண்மையிலயே கரையில சும்மா கிடந்ததாம்.

காலமை என்னைத் தள்ளிக்கொண்டு போனாங்கள். "இறால் மாதிரி வளைஞ்சு படுங்கோ அண்ணை" எண்டார். வளைஞ்சன். முதுகில ஒரு குத்து. கொஞ்சத்தில காலில சூடு பரவின மாதிரி இருந்தது, பிறகு பாரம், பிறகு கால் இல்லை. இருக்கு, ஆனால் இல்லை. நெஞ்சுக்குக் குறுக்கால பச்சைச் சீலை ஒண்டைக் கட்டினாங்கள், அந்தப் பக்கம் என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது. மயக்க டொக்டர் என்ட தலைமாட்டில இருந்துகொண்டு நாடியைப் பிடிச்சுப் பார்த்தார். "அருமை" எண்டார். "வெட்டத் தொடங்கியாச்சு அண்ணை. உங்கட நாடி என்ட நாடியை விட மெதுவா நிக்குது. பாதை நிண்டிட்டுது." அந்தச் சொல்லைச் சொன்னவுடன தானே நாக்கைக் கடிச்சார். எனக்கும் சிரிப்பு வந்தது. விரலை வெட்டேக்க சிரிச்சுக்கொண்டு கிடந்த ஆள் எண்டு என்னைப் பற்றி அந்த மிஸ்ஸிமார் பிறகும் கதைச்சிருப்பாங்கள்.

மிஸ்ஸி எண்டால் எங்கட பக்கத்தில நேர்ஸ். அண்டைக்கு நிண்ட மிஸ்ஸி சிங்களப் பிள்ளை. சீலைக்கு அங்கால பெரிய டொக்டர் அவளோட சிங்களத்தில கதைக்கத் தொடங்கினார். குரல் அமைதியாத்தான் இருந்தது. விரலுக்குப் பின்னாலயும் கறுத்திருக்கு, இதை விட்டால் இன்னொருக்கா வரவேண்டி வரும், இண்டைக்கே முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போடுவம், பெரிய வாளைக் கொண்டுவா. அதுக்கு அவள், வீட்டாக்களிட்டக் கேட்க வேண்டாமா எண்டாள். நேற்றே கேட்டாச்சு எண்டார் அவர். பொஞ்சாதி ஓம் எண்டு சொல்லிப்போட்டா.

நான் ஹபறணைக்கும் தம்புள்ளைக்கும் லொறி ஓட்டினவன். சிங்களத்தில சண்டை பிடிப்பன், விலை பேசுவன், பகிடி விடுவன். கக்குல எண்டால் கால் எண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. என்ட இடுப்புக்குக் கீழ இருந்து ஒரு செய்தியும் மேல வரேல்ல, டொக்டர் சொன்னது அப்பிடியே சரி. ஆனால் என்ட காதுக்கு அவர் ஊசி போடேல்ல.

"டொக்டர்" எண்டன், சிங்களத்தில. "எனக்குச் சிங்களம் தெரியும்."

அந்தப் பக்கம் சத்தம் நிண்டது. ஒரு கத்தி தட்டில வைக்கிற சத்தம் கேட்டது. பெரிய டொக்டர் சீலைக்கு மேலால எட்டிப் பார்த்தார், மூக்கு வாய் மூடின துணிக்கு மேல ரெண்டு கண். எத்தினையோ பேரை வெட்டியிருப்பார், வெட்டேக்க திருப்பிக் கதைச்ச ஆள் நான்தான் போல. கோபப்படேல்ல. இந்தப் பக்கம் நடந்து வந்து, எனக்குச் சிங்களத்திலயே நேர சொன்னார்: கறுப்பு ஏறினால் அடுத்த முறை முழங்காலுக்கு மேல போகும், உசிருக்கும் உத்தரவாதம் இல்லை, இப்ப எடுத்தால் தப்புவாய். நீயே சொல்லு.

என்ட உடம்பு முழுக்க நடுங்கினது. பாதி உடம்பு, மற்றப் பாதி நடுங்க ஏலாதே. விரலை எடுங்க, காலை விடுங்க எண்டன். அவர், சரி, கொஞ்ச நாள் பார்ப்பம், சீனி இறங்காட்டி நான் உன்னிட்டக் கேட்கமாட்டன் எண்டார். மயக்க டொக்டர் என்ட மணிக்கட்டை விடாமல் பிடிச்சுக்கொண்டிருந்தார். நாடி என்ன பாடு பட்டதெண்டு அவருக்குத்தான் தெரியும்.

பின்னேரம் அவர் குழாயைக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, நிக்காமல் போய்ச் செங்கல்லில நிண்டது. அவரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாப் போச்சு. முதுகில போட்டால் சீனி ஏறாது எண்டு பெரியவரிட்ட வாக்குக் குடுத்தவர். உடன என்ட சொந்தக்காரரைத்தான் சந்தேகப்பட்டார். கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பார்த்தால், ஓலைப் பெட்டியில தொதல். இந்தச் சீனிப் பஞ்சத்தில ஆர் கொண்டுவந்ததோ, கருப்பட்டியில கிண்டியிருக்கிறாங்கள். நான் அதைத் தொடேல்ல எண்டு சத்தியம் பண்ணினன்.

"அப்ப எப்பிடி அண்ணை? கத்தி பட்ட செய்தி போகவே இல்லையே. நான் நாடியில பார்த்தனான்தானே."

"அது போகேல்ல டொக்டர். மற்றது போச்சு. காதால."

அவர் இன்சுலின் ஊசி போடச் சொல்லிப்போட்டுப் போனார். அடுத்த நாளும் செங்கல். அதுக்கு அடுத்த நாளும் செங்கல். கத்தியால வந்த சீனியெண்டால் இதுக்குள்ள இறங்கியிருக்க வேணுமாம். பெரிய டொக்டர் காயத்தை அவிட்டுப் பார்த்திட்டு ஒண்டும் சொல்லாமல் போனார், அவர் ஒண்டும் சொல்லாததுதான் எனக்குப் பயம். அண்டைக்கு மயக்க டொக்டர் திரும்பவும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இந்த முறை முகத்தில சந்தோஷம் இல்லை.

"அண்ணை, உங்கட உடம்பு இன்னும் ஆரோடயோ சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கு. எனக்கு முதுகில ஊசி போடத் தெரியும், இதுக்குப் போடத் தெரியாது. மூண்டு நாளா மனுசி கஞ்சியைக் கொண்டுவந்து வெச்சிட்டு வெளியில போய் நிக்கிறா, நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீங்கள். வாட்டு முழுக்கப் பார்க்குது. உங்களுக்குக் கால் வேணுமெண்டால் அவவோட கதையுங்கோ."

காலை வெட்டச் சொன்னவளோட, காலுக்காகக் கதைக்க வேணுமாம். இந்தக் கொடுமையை நான் ஆரிட்டச் சொல்லுறது? ஆனாலும் கால் என்டது. கஞ்சியோட அவள் வந்து, வழமைபோல வெச்சிட்டுத் திரும்பப் பார்த்தாள்.

"நில்லு புள்ள" எண்டன். "காலை எடுக்கச் சொல்லி நீதானே சொன்னது?"

அவள் திரும்பினாள். அழுவாள், இல்லையெண்டு சத்தியம் பண்ணுவாள் எண்டுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தன்.

"ஓம். நான்தான்" எண்டாள். "அண்டைக்கு எல்லாரும் வந்து நிக்கக்குள்ள அந்தப் பெரிய டொக்டர் வெளியில வந்து கேட்டாரு. காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாரு. எல்லாரும் என்ட வாயைத்தான் பார்த்தாங்க. உங்களிட்ட வந்து கேட்க விடல்ல, உங்களுக்கு ஒரு செய்தியும் போகக்கூடாதாம். முழங்காலுக்கு மேல எண்டு கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். ரெண்டு காலும் எண்டாலும் ஓம்தான்."

"கால் இல்லாம உன்ட வீட்டு மூலையில நான் என்னெண்டு கிடக்கிற?"

"என்ட வீடா?" எண்டாள். அவளுக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரிஞ்சது, முக்காடு நழுவினதைக்கூட இழுத்து விடேல்ல. "இத்தினை வருசமா அது என்ட வீடு எண்டா இருந்தீங்க? எனக்கு இதுவரைக்கும் தெரியாது. நீங்க அந்த லொறியைக் கட்டிக்கொண்டு அழுங்க. எனக்குக் காலும் தேவையில்லை, லொறியும் தேவையில்லை. நீங்க மௌத்தாப் போனா நான் வீட்டில ஆரோட சண்டை பிடிக்கிற?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. நான் வாயடைச்சுப் போன நாள் என்ட வாழ்க்கையில அது ஒண்டுதான், வேணுமெண்டால் ஊரில கேட்டுப் பாருங்க. கையை நீட்டினன். வாட்டில அத்தனை பேரும் பார்க்கத்தான் நீட்டினன், எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டாங்க. அவள் கிட்ட வந்து பிடிச்சாள். அவளின் கை நல்லாக் குளிர்ந்து போயிருந்தது, நடுங்கினது. மூண்டு நாளா நடுங்கியிருக்கு, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால தெரியேல்ல. வெட்டினது எனக்கு, ஆனால் ஊசியில்லாமல் நிண்டவள் அவள். நான் அழுதன். அவள், கஞ்சி ஆறப்போகுது, குடிங்க எண்டாள்.

கால் தப்பினது. சீனி இறங்கினது இன்சுலினால எண்டு பெரிய டொக்டர் சொல்லுவார். முதுகு ஊசிதான் காப்பாத்தினது, நித்திரையாக்கியிருந்தால் நீங்கள் வாய் திறந்திருக்க ஏலாதே எண்டு மயக்க டொக்டர் சொல்லுவார், அவருக்கும் ஏதாவது ஒரு கணக்கில வெல்லத்தானே வேணும். தான் நேந்துகொண்ட கந்தூரியால எண்டு மச்சான் இண்டைக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார், அந்தப் புது றைவரைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அவளிட்ட ஆரும் போய்க் கேட்டால் குசினிக்குள்ள இருந்து ஒரே மறுமொழிதான் வரும்: "எனக்கென்ன தெரியும், நான் வெட்டச் சொன்னவள்."